மீன் புதைத்த பாத்தி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பும்போது காரில் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பிவிட்டு, கண்ணாடியை இறக்கிச் சொன்னாய்: "அம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை மாலதி வீட்ல எல்லாரும் சாப்பிட வர்றாங்க. நம்ம தோட்டத்துக் கீரைதான் சமைக்கப் போறோம். அந்த மீன் விஷயத்த மட்டும் வாய் விட்டுறாதீங்க." நான் பதில் தேடுவதற்குள் கார் காஜா பேராங் சாலையில் திரும்பிவிட்டது. எனக்குச் சட்டென்று பேச வராது என்பது உனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாய் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்கு எழுத வரும். இந்தக் கடிதத்தை மாலதியும் படிக்கட்டும். அவள் தன் அப்பாவிடம் காட்ட விரும்பினால் அதற்கும் எனக்குத் தடையில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

புக்கிட் பாருவில் வீடு வாங்கிய புதிதில் நீதானே என்னைக் கூப்பிட்டாய்? "முன்னால இருக்க எடத்துல சிமெண்டு போட்டுறலாமா, இல்ல ஏதாச்சும் நடலாமாம்மா?" என்று கேட்டாய். நான் அடுத்த பஸ் பிடித்து வந்தேன். வீடு கட்டியவர்கள் நல்ல மேல்மண்ணை எல்லாம் சுரண்டிக்கொண்டு போய்விட்டு, செங்கல் துண்டும் சரளையும் கலந்த ஒரு சிவப்புக் கட்டாந்தரையை உனக்கு விட்டுவைத்திருந்தார்கள். மண்வெட்டி போட்டால் நெருப்புப் பொறி பறந்தது. நீ சோர்ந்து போனாய். எனக்கோ பழைய எதிரியைப் பார்த்த மாதிரி இருந்தது. கிளேபாங் கடற்கரைக்குப் போய் மீன்காரரிடம் செதிலும் குடலும் தலையும் வாங்கி வரச் சொன்னேன். காரின் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டுக்கொண்டு, முகத்தை வெளியே நீட்டியபடி ஓட்டி வந்தாய். ஆழமாகக் குழி எடுத்து, அடியில் காய்ந்த சருகு, அதன்மேல் மீன், மீன்மேல் அடுப்புச் சாம்பல், மறுபடியும் சருகு, கடைசியில் மண் என்று அடுக்கினோம். சமையலறையில் விழும் தோலும் காம்பும் அரிசி கழுவிய நீரும் அந்தப் பாத்திக்கே போயின. கடை உரம் ஒரு பிடிகூட அதில் விழவில்லை. இப்போது தண்டுக்கீரை உன் இடுப்புக்கு வந்து நிற்கிறது. மண்ணைக் கிள்ளி எடுத்தால் புட்டு மாதிரி உதிர்கிறது. மண்புழுவைக் கண்டு மாலதி கத்தினாளே, அன்றைக்கே எனக்கு நிம்மதியாகிவிட்டது.

அந்தக் கீரையைப் பார்த்துத்தான் உன் மாமனார் மெச்சிப்போய், ஒரு மூட்டை வெள்ளை உரத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். "இது சுத்தம் மாப்பிள்ள. ஒரு நாத்தம் கெடையாது. அசல் சைவம்" என்றாராம். நீயும் தலையாட்டிவிட்டாய். அடுத்த பாத்திக்கு எடுத்த மீன் குழியைப் பாதியில் மூடிவிடுவது, இனிமேல் மூட்டை உரம், இதுவரை நடந்ததை யாரிடமும் சொல்வதில்லை. இதுதானே உன் ஏற்பாடு? அவர்கள் வெங்காயம்கூட நாள் பார்த்துத் தொடுகிற சைவக் குடும்பம், சம்பந்திகளின் மனம் கோணக் கூடாது என்பதெல்லாம் எனக்கும் புரிகிறது. நானும் சைவம்தான். பிறந்ததிலிருந்து மீனை வாயில் வைத்ததில்லை. ஆனாலும் உன் ஏற்பாட்டுக்கு நான் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் உன் தாத்தாவின் வீங்கிய காலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் அப்பா ஒரு ரப்பர் கம்பெனியில் பெரிய கிராணியாக இருந்தவர். கம்பெனியின் எழுத்து வேலை முழுவதும் அவர் கையில். இப்போது நான் இருக்கும் இதே வீட்டிலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருவார். வெள்ளிக்கிழமை மாலையில் நாலைந்து சைவ நண்பர்கள் முன்கூடத்தில் கூடுவார்கள். அப்பா முதல் குரல் எடுத்துத் தேவாரம் பாட, மற்றவர்கள் தொடர்வார்கள். அவருடைய சைவத்தில் விளையாட்டு கிடையாது. முட்டை பொரித்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். அப்படிப்பட்டவர்தான், குடும்பத்தில் யாரும் கேட்டிராத ஒரு காரியத்தைச் செய்தார். என்னைக் கப்பல் ஏற்றிச் சென்னைக்குப் படிக்க அனுப்பினார். வயதுக்கு வந்த பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பாதே என்று தேவாரக் கூட்டத்து வேலாயுதம் மாமா இந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து கண்ணீர் விட்டார். அப்பா கேட்கவில்லை. நான் தாவரவியல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்தைச் சேர்த்துக்கொண்ட முதல் ஆள் நான்தான். ஆனால் அந்த எழுத்துகள் என் கூச்சத்தைப் போக்கவில்லை. விருந்தாளி வந்தால் அப்போதும் சமையலறைக்குள் ஓடிவிடுவேன்.

நான் திரும்பி வந்து, ஏதாவது பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்தபோது ஜப்பான்காரன் வந்தான். கம்பெனித் துரைமார்கள் ஓடினார்கள், கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது, அப்பாவின் சைக்கிளைப் பட்டாளத்துக்காரன் ஒருவன் கேட்காமலே எடுத்துக்கொண்டு போனான். பங்கீட்டில் வந்த அரிசி வரவரச் சுருங்கியது. வாழை மரம் அச்சடித்த ஜப்பான் நோட்டைக் கொண்டுபோனால் பசாரில் எதுவும் பெயரவில்லை. வீட்டுக்கு வீடு பயிர் போடச் சொல்லி உத்தரவும் வந்தது. உத்தரவுக்காகவா, பசிக்காகவா என்று கேட்டால் பசிக்காகத்தான். அப்பா ஆசையாக வளர்த்த குரோட்டன்களையும் நந்தியாவட்டையையும் பிடுங்கிவிட்டு மரவள்ளிக் குச்சியை ஊன்றினோம். மரவள்ளி எந்த மண்ணிலும் வரும். இந்த மண்ணிலும் வந்தது. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, கிழங்கு மாவில் சுட்ட ரொட்டி. வயிறு நிறைந்தது. ஆனால் அது வெறும் மாவு என்பது எனக்குத் தெரியும். இலையும் பயறும் இல்லாமல் நாள் ஓட்டினால் உடம்பு எங்கே போய் முடியும் என்றும் படித்திருந்தேன். கீரை விதைத்தேன். விரல் உயரம் வந்து மஞ்சளாகிச் சுருண்டது. மறுபடி விதைத்தேன். மறுபடியும் அதே கதை. பச்சை இலைகளை அப்படியே வெட்டிப் புதைத்து அதன்மேல் விதை போட்டதில், மண்ணுக்குள் சூடேறி விதையெல்லாம் அழுகியது. இதைப் பாடப்புத்தகத்தில் படித்தவள்தான். பசி அவசரப்படுத்தும்போது படித்தது நினைவுக்கு வருவதில்லை. நீயும் போன மாதம் அதே தவறைச் செய்யப் பார்த்தாய். நான் உன் கையைப் பிடித்தேன். உனக்குக் கோபம் வந்தது.

அந்த மண்ணில் பசளையே இல்லை. சாணம் போடலாம் என்றால், பால்காரரின் மாடுகளை இறைச்சிக்கென்று ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் லெச்சியின் வீடு. லெச்சி என் வயதுக்காரி, மலாக்கா செட்டிப் பெண். நெற்றியில் திருநீறு வைத்திருப்பாள், மாரியம்மனைக் கும்பிடுவாள், ஆனால் பேசுவது மலாய். தமிழில் அவளுக்கு அம்மா, அக்கா, சாமி என்று ஒரு கைப்பிடிச் சொற்கள்தான். அவள் வீட்டில் மீனும் இறாலும் சுத்தம் செய்து உப்பில் ஊறப்போட்டு விற்பார்கள். கழிவை லோங்காங்கில், அதாவது சாக்கடையில், கொட்டுவார்கள். மழைத் தண்ணீர் அந்தச் சாக்கடையிலிருந்து வழிந்து எங்கள் வேலியோரம் தேங்கும். அந்த ஒரு கோட்டில் மட்டும் புல் கரும்பச்சையாக நின்றதை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. பார்ப்பதற்கு நிறைய நேரம் இருக்கும். தழைச்சத்து என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு, அது சாக்கடையோரம் இப்படிப் பச்சையாக நிற்கும் என்று தோன்றாமல் போயிற்று.

வேலியருகே போய், வாயில் வந்த மலாயில் கழிவைக் கேட்டேன். லெச்சி மேலும் கீழும் பார்த்தாள். "நீயா? ஐயர் வீட்டுப் பொண்ணா?" என்று மலாயில் கேட்டாள். மீன் சாப்பிடாதவர்கள் எல்லாரும் அவளுக்கு ஐயர்தான். "உங்கப்பா பார்த்தா என்னை மந்திரம் போட்டுக் கொன்னுடுவார்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு டின் நிறையத் தூக்கி வேலிக்கு மேலே நீட்டினாள். நான் குமட்டிக்கொண்டு திரும்பி நின்றதைப் பார்த்து, "இனி ஹரி பூசுக், லாயின் பூலான் சாயூர்" என்றாள். இன்றைக்கு நாற்றம், அடுத்த மாதம் கீரை.

முதல் முறை மேலாகப் புதைத்தேன். தெருப் பூனைகள் அத்தனையும் வந்து விருந்து சாப்பிட்டுப் போயின. பிறகு உடும்பு ஒன்று வந்து பாத்தியை உழுதுவிட்டுப் போயிற்று. லெச்சி வேலியில் சாய்ந்துகொண்டு, "உழுகிறதுக்கு ஆள் வெச்சிட்டியா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் ஆழமும் சாம்பலும் சருகும். உனக்கு நான் சொல்லித் தந்த அடுக்கு, பூனையிடமும் உடும்பிடமும் தோற்றுத் தெரிந்துகொண்ட அடுக்கு. அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைமயிரைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, மீன் டின்னோடு நான் நிற்கும்போது ஒருநாள் பட்டாளத்துக்காரன் ஒருவன் படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். பெண்கள் இருக்கும் வீடுகளில் எதற்காக நுழைகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அவன் நாலடி வைத்தான், மூக்கைச் சுருக்கினான், காறித் துப்பிவிட்டுத் திரும்பிப் போனான். அன்று சாயங்காலம் குளிக்காமலே படுத்துக்கொண்டேன்.

என் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியாது. நாற்றம் லெச்சி வீட்டில் எப்போதும் உள்ளதுதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். கீரை இன்னும் பறிக்கும் பதத்துக்கு வராததால் நானும் பேச்சை எடுக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் அவர் கால் வீங்கியது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படலிலிருந்து வாசல் வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. காயத்துக்குக் கட்டுப் போடும் ஆஸ்பத்திரி டிரெசர் வந்து பார்த்தார். "பெரிபெரி. ஊசி இருந்தா போட்டுருவேன், இல்லையே. கீரை குடுங்க, பயறு குடுங்க, தவிடு கெடைச்சா குடுங்க. வெறும் கிழங்கு இனிமே ஆகாது. நெஞ்சுக்கு ஏறிட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். பசாரில் பயறு இல்லை, தவிட்டைக்கூட காசுள்ளவர்கள் ஆள் வைத்து வாங்கிக்கொண்டார்கள். கீரை எங்கள் கொல்லையில் நின்றது. அன்று காலையில்தான் முதல் பறிப்பு.

சமையலறையில் அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே தணிந்த குரலில் சொன்னாள். "சொல்லாத. போட்டுரு. தின்னு பொழைக்கட்டும்."

"சொல்லாம எப்படிம்மா?"

"அந்த மனுசனத் தெரியாதா உனக்கு? சொன்னா தட்டத் தூக்கி வீசிருவாரு. ஒரு பொய்யில உசிரு நிக்கும்னா நூறு பொய் சொல்லலாம். பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

என் அம்மா கெட்டவள் இல்லை, தம்பி. இன்று நீ என்னிடம் கேட்டதைத்தான் அன்று அவளும் கேட்டாள். அவளுக்காவது அப்படிக் கேட்பதற்குக் காரணமாக ஓர் உயிர் இருந்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு அப்பா முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் பிசையக் கையை வைத்தபோது சொல்லிவிட்டேன். "அப்பா, இது மீன் கழிவ ஒரமாப் போட்ட மண்ணுல வெளஞ்சது."

அவர் கையை எடுத்தார். கழுவிக்கொண்டு வந்தார்.

"சொல்லாம இருந்துருந்தா தின்னுருப்பேனே."

"ஆமாப்பா."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"நீங்க என்ன திங்கிறீங்கன்னு நீங்கதான முடிவு பண்ணணும்."

"உன்னப் படிக்க வெச்சது தப்பு" என்றார். அதுவரை ஊர் சொல்லிக் கேட்டதை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். அழுகை வந்தது, ஆனால் தட்டை எடுக்கவில்லை. ஈ மொய்க்காமல் மூடி அங்கேயே வைத்தேன். பிறகு வெளியே போய், வேலிக்கு எதிர்மூலையில், மீன் தொடாத இடத்தில் அவருக்கென்று ஒரு பாத்தி வெட்டினேன். சருகும் சாம்பலும் மட்டும் போட்டு, விதைக்கென்று முடிந்து வைத்திருந்த பயற்றை ஊன்றினேன். பயறு தனக்கு வேண்டிய சத்தைக் காற்றிலிருந்து எடுத்து வேர் முடிச்சில் சேர்த்துக்கொள்ளும், அதற்கு மீன் தேவையில்லை. நீயும் உன் பயற்றம் பந்தலுக்கு மீன் போடாதே, வீண். அப்பாவிடம் சொன்னேன்: "அது உங்க பாத்தி. அதுல மீன் இல்ல. ஆனா காய்க்க நாளாகும். அதுவரைக்கும் நீங்க இருக்கணும்." அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்து வந்த நாட்களை எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. வேளைக்கு வேளை கீரையைக் கொண்டுபோய் வைத்தேன், வேளைக்கு வேளை அவர் தொடாமல் கிழங்கை மட்டும் தின்றார். வீக்கம் முழங்காலைத் தாண்டியது. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். கீரையைக் கடைந்து கிழங்கு மாவோடு பிசைந்து கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. ஒருமுறை பிசைந்தும்விட்டேன். பிசைந்ததை நானே தின்றேன். அவர் அப்படியே போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நீ கேட்கலாம். அப்போதும் நான் செய்ததே சரி என்று இன்றைக்கு எளிதாக எழுதிவிடலாம். தெரியவில்லை என்பதுதான் உண்மை. பொய் சொல்லிப் பிழைக்க வைத்திருந்தால் அவர் முகத்தை வாழ்நாள் முழுக்க நேராகப் பார்த்திருக்க மாட்டேன் என்பது மட்டும் தெரியும்.

வெள்ளிக்கிழமை தேவாரக் கூட்டம் வந்தது. வேலாயுதம் மாமாவும் இன்னும் இரண்டு பேரும். தெருவில் செய்தி பரவியிருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"கேள்விப்பட்டோம்ண்ணே" என்றார் வேலாயுதம் மாமா. "உசிரே போனாலும் சைவத்த விடமாட்டேன்னு கெடக்குறீங்களாமே! இந்தப் பஞ்சத்துல யாரு இருக்கா இப்படி? சிவன் உங்களக் கைப்புடிச்சுக் கூட்டிட்டுப் போவாரு."

"இன்னும் கூப்பிடலயே" என்றார் அப்பா.

"அதுக்கில்லண்ணே. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். உங்க பேரு நெலைக்கும்ல?" மாமா குரலைத் தாழ்த்தினார். ஆனால் கதவுக்குப் பின்னால் கேட்கும்படிதான் தாழ்த்தினார். "ஒரே ஒரு கொறைதான். பொம்பளப் புள்ளயக் கப்பலேத்தாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன். கேட்டீங்களா? பட்டம் வாங்கிட்டு வந்து வீட்ட மீன் பசாரா ஆக்கிருச்சு. சொந்த அப்பனுக்கே எமனா வந்து நிக்கிது."

அப்பா மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, "பாப்பா" என்று கூப்பிட்டார். "அந்தக் கீர இருக்கா?"

"இருக்குப்பா."

"கொண்டா."

கொண்டுபோனேன். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அதற்குமுன் நான் நின்றதே இல்லை.

"இது எதுல வெளஞ்சதுன்னு இவங்களுக்கும் சொல்லு."

"மீன் போட்ட மண்ணுலப்பா."

"சத்தமாச் சொல்லு. வேலாயுதத்துக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"மீன் போட்ட மண்ணுல வெளஞ்சது" என்றேன். அவ்வளவு சத்தமாக என் குரலை நானே கேட்டதில்லை.

அப்பா ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். தட்டை மாமாவின் மூக்குக்கு நேராக நீட்டினார். "வேலாயுதம், உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே. இதுல முள்ளு கிள்ளு கெடக்கா பாரு. பாத்து எடுத்துப் போடு. மீன நான் திங்கல. மண்ணு தின்னுருக்கு. மண்ணு திங்காதது என்ன இருக்கு? இவளக் கப்பலேத்துனப்பவும் நீதான் வந்து அழுத. இப்பவும் நீதான் வந்துருக்க. அடுத்த வாட்டி நான் செத்தப்புறம் வா." மாமாவும் மற்ற இருவரும் எழுந்தார்கள். அன்று தேவாரம் பாடவில்லை. அவர்கள் படலைத் தாண்டியதும் அப்பா என்னைப் பார்த்து, "உப்புப் பத்தல" என்றார். உப்புக்கும்தான் அப்போது பஞ்சம்.

வீக்கம் ஒரே நாளில் இறங்கிவிடவில்லை. கீரை, பிறகு முருங்கை, கடைசியில் அவருடைய பாத்தியில் காய்த்த பயறு என்று மெல்ல மெல்ல இறங்கியது. எது குணப்படுத்தியது என்று நான் பிரித்துச் சொல்ல மாட்டேன். அவர் ஜப்பான்காரன் போவதைப் பார்த்தார், என் கல்யாணத்தைப் பார்த்தார், உன்னை மடியில் போட்டுக்கொண்டு முதல் சோறு ஊட்டினார். ஆனால் ஊர் அவரைச் சும்மா விடவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டம் வேறு வீட்டுக்கு மாறியது. அவர் வீட்டில் தனியாகப் பாடினார், முன்னைவிட உரக்கப் பாடினார். லெச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தலையாட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது.

அப்பா கீரை தின்ற அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலையில் கொல்லைப் படலில் ஒரு சத்தம் கேட்டது. வேலாயுதம் மாமாவின் மனைவி, முந்தானைக்குள் ஒரு கிண்ணத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். அவள் கால்களைப் பார்த்தேன். அவையும் வீங்கத் தொடங்கியிருந்தன. "கொஞ்சம் கீர குடும்மா. அவருக்குத் தெரிய வேணாம்" என்றாள். முதல்நாள் அவர் என்னை எமன் என்று சொன்னது காதுக்குள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தக் கால்களைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா? நிறையப் பறித்துக் கொடுத்தேன். "அத்தே, நான் போய் அவர்கிட்டச் சொல்ல மாட்டேன். ஆனா என்னைக் கேட்டா, எதுல வெளஞ்சதுன்னு மறைக்க மாட்டேன். யோசிச்சு வாங்கிக்குங்க" என்றேன். அவள் கிண்ணத்தை முந்தானைக்கு வெளியே எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு வழியாகவே நடந்தாள். அதற்குப் பிறகு பல நாள் வந்தாள். அவள் வீட்டில் அந்தக் கீரைதான் வெந்தது, மாமா அதைத்தான் தின்றார். அவர் ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

இப்போது உன் மூட்டைக்கு வருகிறேன். நாற்றம் இல்லாததால் அது சுத்தம் ஆகிவிடுமா? அதைப் போட்டால் இலை மளமளவென்று வரும், மறுக்கவில்லை. ஆனால் மண்ணுக்கு அதில் சாப்பாடு இல்லை. மண்புழு ஒதுங்கும், மண் இறுகும், மழையில் கரைந்து பாதி சாக்கடைக்குப் போகும். அடுத்த போகத்துக்கு இன்னொரு மூட்டை கேட்கும். மீனும் சருகும் சாம்பலும் போட்ட பாத்தி அப்படியில்லை. அது தானே மண்ணாகி, நீ இல்லாத நாளிலும் செடியைப் பார்த்துக்கொள்ளும். உயிர் இருந்த ஒன்று இன்னோர் உயிருக்குப் போய்ச் சேருவதை அசைவம் என்று ஒதுக்கிவிட்டு, மண்ணில் இருக்கிற உயிரை எல்லாம் விரட்டுகிற பொடியைச் சைவம் என்று பாத்தியில் தூவச் சொல்கிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. உன் மாமனார் நல்ல எண்ணத்தில் கொடுத்தார், மரியாதையோடு திருப்பிக் கொடு. குழியை மூடாதே. பாதி மக்கிய குழியைப் பயந்து மூடினால்தான் நாறும்.

சாப்பிடாமல் எழுந்துபோக அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படிப் போனால் எனக்கு வருத்தம் வராது. அவர்களுக்கென்று மீன் தொடாத பயற்றங்காய்ப் பொரியலும் நான் கொண்டு வருகிறேன், என் கொல்லையில் காய்த்தது. ஆனால் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்று அவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்க என்னால் ஆகாது. மாலதி மனதில் என்ன இருக்கிறது என்று நீ ஒருமுறையாவது கேட்டாயா? குழி எடுத்த அன்று சாம்பலைக் கொட்டியது அவள்தான். அவளுக்கு எல்லாம் தெரியும். பெற்றவர்களிடம் மறைக்கும் வேலையை அவள் தலையிலும் அல்லவா கட்டியிருக்கிறாய்?

வாய் விட்டுவிடாதீர்கள் என்றாய். சரி, நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அது என் தோட்டம் இல்லை, உன் தோட்டம். குழி வெட்டியவன் நீ, மீன் சுமந்தவன் நீ. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருவேன், சம்பந்தியம்மாவோடு சிரித்துப் பேசுவேன், பந்தியில் உன் மாமனாருக்கு எதிரில் உட்காருவேன். மாலதி கீரை பரிமாறுவாள். அது எதில் விளைந்தது என்று நீ எழுந்து நின்று சொல்லும்வரை நான் என் இலையில் கை வைக்க மாட்டேன். சோறு ஆறினாலும் சரி, எல்லாரும் என்னையே பார்த்தாலும் சரி.

அம்மா